இயந்திரம் போட்ட என்ட்ரி, நம் கையெழுத்து: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பேரேட்டுப் பழசு:

கணக்கு வேலைக்கு வந்து 26 வருடம் ஆகிறது. போன மாத முடிவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன், நீங்களும் தொடருங்கள். பொதுப் புலம்பல் வேண்டாம், அது நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருப்பில் இருக்கிறது. உங்கள் மேசையில் நடந்தது மட்டும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது பில்களை யாரும் உட்கார்ந்து பதிவதில்லை. ஸ்கேன் செய்து உள்ளே போட்டால் போதும். சப்ளையர் பெயர், தேதி, தொகை எல்லாவற்றையும் மென்பொருளே படித்து, எந்தக் கணக்கில் பற்று வைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடும். பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். பச்சை என்றால் தானாகப் பதிவாகிவிடும். மஞ்சள் என்றால்தான் மனிதர் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வேறு எதையோ தேடப்போய் ஒரு பச்சை பில்லைத் திறந்தேன். இயந்திரப் பராமரிப்பு நிறுவனத்துடையது, 'பழுதுபார்ப்புச் செலவு' என்று போயிருந்தது. மூன்று வருடமாக அதே நிறுவனம், அதே கணக்கு. ஆனால் தொகை வழக்கத்தைவிடப் பல மடங்கு. உள்ளே படித்தால், பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். பழையதன் மீதி மதிப்பை ஏட்டிலிருந்து நீக்கி, புதியதைச் சொத்தில் சேர்த்து, அதன் ஆயுளுக்குத் தேய்மானம் எழுத வேண்டிய விஷயம். அந்த மாத லாபமே அந்த ஒரு வரியில் அடிவாங்கியிருந்தது.

சரி, மென்பொருள் தப்பு செய்துவிட்டது என்று திருத்திவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்காமல் பின்னோக்கித் தேடினேன். மென்பொருள் வருவதற்கு முன்பே இதே மாதிரி ஒரு பில், இதைவிடச் சின்னது, பழுதுபார்ப்பில் போய் உட்கார்ந்திருந்தது. பதிந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். அது என் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான் தொழில் கற்றிருக்கிறது. என் சோம்பலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது.

ரெண்டாம் பார்வை:

நான் தணிக்கைப் பக்கம். என்னுடையது வங்கி அறிக்கைக் கதை.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர் வங்கி அறிக்கையை பிடிஎஃப்பாக அனுப்பிவிடுகிறார். எங்களிடம் உள்ள கருவி அதைப் படித்து, கடைசி இருப்பை எடுத்து, பேரேட்டு இருப்போடு ஒப்பிட்டு, ஒரு டிக் போட்டுவிடும். இந்தக் கோப்பிலும் டிக் விழுந்துவிட்டது. குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வு பெறும் வயது. ஸ்கிரீனில் பார்த்தால் கண் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பார். நாங்கள் அவரைக் கொஞ்சம் கிண்டல் செய்வதுண்டு. அவர் பென்சிலை வைத்துக்கொண்டு, முந்தைய இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் செலவு, அடுத்த இருப்பு என்று ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தார். நான்காம் பக்கத்தில் பென்சில் நின்றது. ஒரு வரவுக்குப் பிறகு வரும் இருப்பு கூடவில்லை. யாரோ அந்த வரவுத் தொகையை மாற்றியிருக்கிறார்கள், கடைசி இருப்பையும் ஞாபகமாக மாற்றியிருக்கிறார்கள். நடுவில் இரண்டே வரிகளில் இருப்பை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அப்புறம் வங்கிக்கே நேரடியாக எழுதிக் கேட்டோம். வந்த பதில் வேறு எண்.

வெட்கமான விஷயம் என்னவென்றால், முதலிலேயே நேரடியாகக் கேட்டிருக்க வேண்டும். வெளி உறுதிப்படுத்தலுக்கென்றே ஐ.எஸ்.ஏ 505 என்று ஒரு தணிக்கைத் தரம் இருக்கிறது. கடிதம் நம் கையிலிருந்து போக வேண்டும், பதில் நம் கைக்கே வர வேண்டும், நடுவில் வாடிக்கையாளர் இருக்கக் கூடாது. 2020-ல் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம், வங்கியில் இருப்பதாகக் காட்டிய 190 கோடி யூரோ அநேகமாக இல்லவே இல்லை என்று அறிவித்தது. அதைப் படித்தபோது இப்படியும் தணிக்கை செய்வார்களா என்று பேசினவன்தான் நான்.

ஒற்றையாள் அலுவலகம்:

எனக்கு வேறு மாதிரி வலி. வாடிக்கையாளர்கள் இப்போது கேள்வியோடு வருவதில்லை, பதிலோடு வருகிறார்கள்.

ஒருவர் உற்பத்தித் தொழில் நடத்துகிறார். இந்த வருடம் லாபம் நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் பெரிய பழுதுவேலை வரப்போகிறது, அதற்கு இப்போதே ஒதுக்கு வைத்துவிடலாமே, அதாவது அந்தச் செலவை இந்த வருட லாபத்திலேயே கழித்துவிடலாமே என்றார். அது முடியாது என்றேன். போனை எடுத்து நீட்டினார். சாட்பாட்டில் கேட்டிருக்கிறார். முடியும் என்று சொன்னதோடு நிற்காமல், ஒதுக்குகளுக்கான சர்வதேசக் கணக்குத் தரமான ஐ.ஏ.எஸ் 37-ன் ஒரு பத்தி எண்ணையும் கொடுத்து, ஜர்னல் என்ட்ரியும் போட்டுக் கொடுத்திருக்கிறது. அழகான என்ட்ரி, பற்றும் வரவும் சமம்.

தரத்தைத் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினேன். அங்கே இருந்தது வேறு விஷயம். ஒதுக்கு வைக்க முதலில் கடந்தகால நிகழ்வினால் இன்றைக்கே ஒரு கடப்பாடு இருக்க வேண்டும். அதைத் தீர்க்கப் பணம் வெளியே போக வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். தொகையை நம்பகமாக மதிப்பிடவும் முடிய வேண்டும். அந்தத் தரத்தோடு வரும் உதாரணங்களில் ஒரு உலை இருக்கிறது. அதன் உள்பூச்சை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்குக்கூட முன்கூட்டி ஒதுக்கு கிடையாது. ஏனென்றால் உலையை விற்றுவிட்டால் அந்தச் செலவே வராது. நம்மவர் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

பிறகு அவர் என்ன கேட்டார் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். 'வைக்கலாமா' என்று கேட்கவில்லை. 'எப்படி வைப்பது' என்று கேட்டிருக்கிறார். வைப்பதற்கு வழி சொல்லிவிட்டது.

அவர் விட்ட கடைசி வார்த்தைதான் இன்னும் குத்துகிறது: "அது ஒரு நிமிஷத்துல சொல்லிடுச்சு சார். நீங்க முடியாதுன்னு சொல்றதுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கிட்டீங்க." அந்த அரை மணிக்கு பில் போடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புதுசு, 2 வருஷம்:

மூத்தவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும்.

எங்களைப் பற்றி எல்லோரும் சொல்வது, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை தெரியவில்லை' என்பது. போன வாரம் எனக்கு நடந்தது இது. குத்தகைகளுக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்குத் தரத்தின்படி கணக்கு போட ஒரு கருவி கொடுத்தார்கள். ஒப்பந்தத்தைப் போட்டால் பொறுப்பும் சொத்தும் அட்டவணையாக வந்துவிடும். நாற்பது ஒப்பந்தம், ஒரே நாளில் முடித்துவிட்டேன். மேலாளர் இரண்டை எடுத்து, ஒன்று மூன்று வருடக் குத்தகை, மற்றது பன்னிரண்டு வருடம், இரண்டுக்கும் தள்ளுபடி வீதம் (வருங்கால வாடகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வட்டி வீதம்) எப்படி ஒன்றாக இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கருவியில் முன்கூட்டியே நிரப்பியிருந்த வீதம் அது. மூன்று வருடக் கடனுக்கும் பன்னிரண்டு வருடக் கடனுக்கும் ஒரே வட்டி கிடைக்குமா என்று யோசித்திருந்தாலே போதும். யோசிக்கவில்லை. அறையில் ஆறு பேர் இருந்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் வவுச்சர் அடுக்கி, பேரேடு பதிந்து, இருப்பாய்வில் பற்றும் வரவும் கூடாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கற்றவர்கள். அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலையில் வந்த அறிவை எங்களிடம் கேட்கிறீர்கள். சேர்ந்த முதல் நாளே சரிபார்க்கச் சொன்னார்கள். செய்யாத வேலையை எப்படிச் சரிபார்ப்பது? என்னோடு சேர்ந்த நான்கு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். நேரம், சம்பளம் எல்லாம் காரணம்தான். ஆனால் ஒருத்தி போகும்போது சொன்னாள், 'நாள் முழுக்க பச்சைப் புள்ளியைப் பார்க்கவா இவ்வளவு பரீட்சை எழுதினேன்' என்று.

கல்லாப்பெட்டி:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிளையில் தினமும் கல்லாவில் பணம் குறைகிறது என்று அறிக்கை வந்தது. காசாளரை உட்காரவைத்து விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. "மேடம், நான் எடுக்கல" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. நான் அன்றைய பில் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். இணையம் அறுந்து மறுபடி இணையும் நேரத்தில் சில விற்பனைகள் இரண்டு முறை ஏறியிருந்தன. பில் எண் மாறவில்லை, பதிவு மட்டும் இரண்டு. வராத பணத்தையும் வந்ததாக எண்ணி, கல்லாவில் குறைகிறது என்று காட்டியிருக்கிறது.

பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் மென்பொருள் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1999 முதல் 2015 வரை, மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை வைத்து 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்களைத் தண்டித்தார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு. அந்த எண்கள் கூடவில்லையே என்று சொன்னவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். நானும் அந்தக் காசாளரை முதல் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புகைக்கணக்கு:

எனக்கு இப்போது பணக்கணக்கே இல்லை, கார்பன் கணக்கு. நிலைத்தன்மை, காலநிலை பற்றிய தகவல்களை வெளியிடுவதற்கான ஐ.எஃப்.ஆர்.எஸ் எஸ்1, எஸ்2 தரங்கள் இரண்டும் 2023 ஜூனில் வந்ததிலிருந்து இந்த வேலை கணக்குத் துறைக்கு வந்துவிட்டது. டீசல் எத்தனை லிட்டர், மின்சாரம் எத்தனை யூனிட் என்பது வரை பரவாயில்லை, பில் இருக்கிறது. சப்ளையரின் உமிழ்வு என்று வரும்போது அவர் ஒரு எக்செல் அனுப்புகிறார், அதில் எல்லாமே முழு எண். எந்த அளவீடும் இவ்வளவு அழகாக முழு எண்ணில் வராது. பணத்தில் ஒரு வரவு என்றால் எங்கேயோ ஒரு பற்று நிற்கும், போய்ப் பிடித்துவிடலாம். இந்த எண்ணுக்கு மறுபக்கம் கிடையாது. எதைக் கொண்டு கூட்டிப் பார்ப்பது?

ரெண்டாம் பார்வை:

முழு எண் விஷயம் அருமை. அதை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிவிடுகிறேன். விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979-ல் வந்தது, எக்செல் 1985-ல். நாம் இன்னும் இருக்கிறோம். கருவியைக் குறை சொல்லிக்கொண்டே போனால் கேட்பவருக்கு நாம் பழைய பஞ்சாங்கமாகத் தெரிவோம். மாதிரி எடுத்துப் பார்த்த இடத்தில் இன்று எல்லா என்ட்ரியையும் அலசுகிறோம். அந்த வசதி எனக்கு முன்பு கிடையாது.

பேரேட்டுப் பழசு:

அது சரி. ஆனால் எக்செல் நான் சொன்ன இடத்தில் கூட்டியது. எங்கே போடுவது என்று அது முடிவு செய்யவில்லை. இது முடிவும் செய்கிறது, காரணம் கேட்டால் தனக்கு எவ்வளவு உறுதி என்று ஒரு சதவீதத்தைக் காட்டுகிறது. ஐந்தொகையில் கையெழுத்து மட்டும் இன்னும் நம்முடையதுதான்.

புதுசு, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதைப் படித்துவிட்டு நேற்று ஒன்று செய்தேன். எங்கள் பிரிவில் இரண்டு புதியவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் ஒரு வங்கிக் கணக்கை மட்டும் மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டேன். வங்கி இருப்பையும் நம் பேரேட்டு இருப்பையும் சரிக்கட்டும் பட்டியலைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றேன். முகத்தைப் பார்த்தால் தண்டனை கொடுத்தது போல இருந்தது. சாயங்காலம் ஒருவன் வந்து, "சார், அனாமத்துக் கணக்குல எட்டு மாசமா ஒரு தொகை அசையாம கிடக்கே, இது யாரோடது?" என்று கேட்டான்.

எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு அது. யாருடையது என்று எனக்கும் தெரியவில்லை. இன்று காலை இருவரும் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

புதுசு, 2 வருஷம்:

கிடைத்தால் இங்கே எழுதுங்கள் சார்.