எம்.காமில் டேட்டா அனலிடிக்ஸ் எடுக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து கேள்வி: பி.காம். முடித்து, அரிசி ஆலையில் டாலியில் கணக்கு எழுதுகிறேன். அக்கவுண்டிங்கோடு டேட்டா அனலிடிக்ஸும் சேர்ந்த மேற்படிப்பு பிடித்திருக்கிறது, ஆனால் கோடிங் தெரியாதவனுக்கு ஒத்துவருமா அண்ணா?

கும்பகோணம்: தாராளமாகச் சேருங்கள் தம்பி. முதலில் டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல், அப்புறம் பைத்தான் என்ற கோடிங் மொழி. எக்செல் தாளில் 10,48,576 வரிசைதான் கொள்ளும், பெரிய நிறுவனத்தின் பில்கள் அதற்குள் அடங்காது. தணிக்கையில் பென்ஃபோர்டு விதி என்று ஒன்று உண்டு: பல அளவுகளில் பரவிக்கிடக்கும் தொகைகளில் சுமார் 30 சதவீதம் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும். செலவு வவுச்சர்களில் 9-இல் தொடங்கும் தொகைகள் மிதமிஞ்சி வந்தால் அங்கே தோண்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்ததே இதனால்தான்.

திருவாரூர்: சரிதான், ஆனால் பற்று வரவு புரியாமல் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. தை, மாசியில் சம்பா நெல் வந்து ஆலையில் வேலை நெருக்கும், படிப்பைப் பற்றி முதலாளியிடம் இப்போதே பேசிவையுங்கள்.