குறைவெண் உணர்தலா, திரளறிதலா?

> சட்டமன்றத்தில் குறைவெண் என்கிறோமே, அதையே எடுத்துக் "குறைவெண் உணர்தல்" என்று போட்டால் போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போதாது என்றே நினைக்கிறேன். குறைவெண் என்பது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, ஆங்கிலத்தில் கோரம். பாக்டீரியா தம் கூட்டம் நெருங்கிவிட்டதை அறிந்து சேர்ந்து செயல்படுவதைக் கோரம் சென்சிங் என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல், கடலூர் மீனவப் பெண்களுக்காகத் தயாராகும் கையேட்டில் வரப்போகிறது. அதனால் மீனை வைத்தே பார்ப்போம்.

துறைமுகத்தில் ஐஸ் போட்ட கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சில நாள் வரை சிவப்பு அவ்வளவாகக் குறையாது. அப்புறம் பழுப்பேறி, கொழகொழவென்று கோழை கட்டி, வீச்சம் அடிக்கத் தொடங்கும். ஐஸுக்குள்ளும் சூடோமோனாஸ், ஷெவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. கிராமுக்கு ஒரு கோடி, பத்துக் கோடி என்று பெருகிய பிறகே மூக்குக்குத் தெரிகிறது.

இடையில் நடப்பதுதான் நம் சொல்லுக்கு முக்கியம். பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கூட்டம் நெருங்க நெருங்க அதன் செறிவு ஏறுகிறது. ஓர் அளவைத் தொட்டதும் அது, பாக்டீரியாவில் அதை ஏற்கவென்றே உள்ள ஏற்பிப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கெட்டுப்போன மீனில் இப்படிப்பட்ட, அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகை மூலக்கூறுகளைக் கண்டிருக்கிறார்கள். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வெளிவிடும், புரதத்தைச் சிதைக்கும் நொதி இந்தக் கட்டுப்பாட்டில்தான் சுரக்கிறது. மீன் கெடுவது முழுக்க இதனால்தான் என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. மீனின் உடலில் இயல்பாக உள்ள டிரைமெத்திலமீன் ஆக்சைடு, டிரைமெத்திலமீனாக மாறுவதால் வரும் வீச்சத்தைத் தனியாகவே விளக்க வேண்டும்.

இங்கே யாரும் தலை எண்ணவில்லை. அதே அளவு பாக்டீரியா கடல்நீரில் சிதறிக் கிடந்தால் மூலக்கூறு கரைந்து போய்விடும், ஒன்றும் நடக்காது. செவுள் மடிப்பில், கோழைக்குள் அடைந்து கிடந்தால் நடக்கும். ஆகவே "எண்" பொருந்தவில்லை. "குறை" இன்னும் மோசம்: பாக்டீரியா குறைந்தால் கெடும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலப் பெயரே பின்னால் வந்ததுதான். நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970இல் ஒளிரும் கடல் பாக்டீரியாவில் இதைக் கண்டபோது "தன்தூண்டல்" என்ற பொருளில்தான் பெயரிட்டார்கள். சபை வழக்கிலிருந்து கோரத்தை எடுத்து ஃபுக்குவா, வினன்ஸ், கிரீன்பர்க் பெயர் வைத்தது 1994இல். அந்த உவமையை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை "திரளறிதல்". மக்கள் திரள்கிறார்கள், வெண்ணெய் திரள்கிறது. நெருக்கமும் பெருக்கமும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. "திரளுணர்வு" வேண்டாம், உணர்ச்சி பக்கம் சாய்கிறது. "கூட்டறிவு" என்றால் பலர் கூடிப் பெற்ற அறிவு என்றாகிவிடும். திரளறிதலிலிருந்து மற்ற சொற்களும் சிரமமில்லாமல் கிளைக்கின்றன: திரளறி மூலக்கூறு, திரளறி மரபணு, திரளறி தடுப்பான். டெலிசியா என்ற செம்பாசியில் கிடைக்கும் ஃபுரனோன் என்ற வேதிப்பொருள்கள் இந்தக் கடைசி வகை.

கையேட்டு வாக்கியம் இப்படி வரும்: "மீனை உடனே கழுவி, செவுளும் குடலும் நீக்கி, நிறைய ஐஸ் இட்டால் பாக்டீரியா திரளறியும் நிலையை எட்டத் தாமதமாகும்."

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவர்கள் இந்த இழையில் இருக்கிறீர்கள். வகுப்பில் வேறு தமிழ்ச்சொல் புழங்கியிருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.