"முதலில் என்ன செய்வீர்கள்?" கேள்விகள் தேவை: தருமபுரி, கிருஷ்ணகிரி சிஸ்டர்கள் பார்க்கவும்

வணக்கம். ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குத் தருமபுரியில் சிலர் சேர்ந்து படிக்கிறோம். மருந்து அளவெல்லாம் மனப்பாடம். முன்னுரிமைக் கேள்விகள்தான் காலை வாருகின்றன.

பலரும் ஏ-பி-சி (மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம்) வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம், இடுப்புவலி, மூச்சிரைப்பு என்று கேட்டால் உடனே ஆக்சிஜனுக்கு டிக். தவறு. கேடு செய்வது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறதே! முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு குழாயையும் மாற்றி நார்மல் சலைன். பழைய குழாயிலேயே சலைன் விட்டால் அதில் மிச்சமுள்ள ரத்தமும் ஏறிவிடும். பையை எறியாமல் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

மக்னீசியம் சல்ஃபேட்டும் (கர்ப்பகால வலிப்புக்கான மருந்து) இப்படித்தான். முட்டி அனிச்சை இல்லை, மூச்சு நிமிடத்துக்கு 10 என்றால் மருந்து அளவு மீறிவிட்டது. முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மி.லி., 10 நிமிடத்தில் மெதுவாக ஐ.வி. சரிதான், ஆனால் மக்னீசியத்தை நிறுத்துவது அதற்கு முந்தைய படி.

பிரசவ வார்டு, ஐ.சி.யூ. சிஸ்டர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதித் தர முடியுமா? வயது, பி.பி., நாடி, மூச்சு, நான்கு விடைகள் வேண்டும். மற்ற மூன்றும் ஏன் முதலில் வராது என்பது கட்டாயம் (அதுதான் எந்த கைடிலும் இருப்பதில்லை). "நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்" வகைக்கு ரொம்பப் பஞ்சம். ஓசூர், அரூர் பக்கம் யாரிடமாவது பழைய நோட்டு இருந்தால் போட்டோ எடுத்துப் போட்டாலே போதும். நோயாளி பெயர் மட்டும் வேண்டாம்.