ஞாயிறு மேட்சும் பொது அறைத் திரையும்

சுந்தர் (செயலாளர்): நாளை 3.30 மேட்சைக் கீழ்த்தளப் பொது அறையில் புரொஜெக்டரில் போடுகிறோம். நாற்காலி அவரவர் வீட்டிலிருந்து.

ரேவதி (2ஏ): போன வாரம் போல வெளுத்துப்போன சேலை மாதிரி படம் தெரிந்தால் நான் வரவில்லை அண்ணா. பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

அருண் (4சி): புதிது வாங்கிவிடலாம். ரிச்சி தெருவில் 9,000 லூமன்ஸ் என்று போட்டு மலிவாகவே கிடைக்கிறது.

தணிகாசலம் மாமா (1பி): தம்பி, லூமன்ஸ் என்பது கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு. பெட்டியில் ‘ஆன்சி லூமன்ஸ்’, அதாவது தர முறைப்படி அளந்த லூமன்ஸ், என்று போட்டிருக்கிறதா பார். இல்லையென்றால் அந்த எண்ணை நம்பாதே. நம்முடையது 3,000 ஆன்சி, தாராளம். அறையைத்தான் கவனிக்க வேண்டும்.

ரேவதி: டியூப்லைட்டை அணைத்துத்தானே வைத்திருந்தோம்?

தணிகாசலம் மாமா: மேற்கு ஜன்னல்களை என்ன செய்தீர்கள்? அந்த நேரத்து வெயில் நேராகக் கிழக்குச் சுவரில் விழுகிறது. படமும் அதே சுவரில்! புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது ரேவதி. கறுப்பு வர வேண்டிய இடத்தில் ஒளி அனுப்பாமல் விடும், அவ்வளவுதான். வெயில் பட்ட வெள்ளைச் சுவரில் கறுப்பு எங்கிருந்து வரும்?

அருண்: அப்படியானால் சக்தி கூடிய கருவிதானே தீர்வு?

தணிகாசலம் மாமா: கணக்குப் போடு. 100 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். நம் கருவி அதில் ஏறக்குறைய 1,000 லக்ஸ் தரும்; ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்ஸ்தான் லக்ஸ். சுவரில் ஏற்கெனவே 200 லக்ஸ் இருந்தால் வெள்ளை 1,200, கறுப்பு 200. வித்தியாசம் ஆறே மடங்கு. இரட்டைச் சக்திக் கருவி வாங்கினாலும் பதினொரு மடங்குதான். அறை வெளிச்சத்தை 10 லக்ஸுக்குக் குறைத்தால் இந்தக் கருவியிலேயே நூறு மடங்கு.

சுந்தர்: ஜன்னலை அடைத்தால் புழுக்கத்தில் யார் உட்காருவது மாமா?

தணிகாசலம் மாமா: மேற்கை மட்டும் கறுப்புத் துணியால் மூடுங்கள். கிழக்குக் கதவு திறந்திருக்கட்டும். கடல் காற்று அந்தப் பக்கம்தான், பிற்பகலில் வெயிலும் இல்லை. படத்தைத் தெற்குச் சுவருக்கு மாற்றி 70 அங்குலமாகச் சுருக்குங்கள். பரப்பு பாதியாகும், பளிச்சென்பது இரட்டிப்பாகும்.

கமலா பாட்டி (ஜி1): முழு இருட்டென்றால் நான் தடுக்கி விழுவேன்.

தணிகாசலம் மாமா: பின்வரிசையில் தரையைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வைக்கலாம் அக்கா. அது திரையில் படாது. வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் எதிரி. தியேட்டர் சுவர்கள் கறுத்திருப்பது அதனால்தான். நான் ஆபரேட்டராக இருந்தபோது படம் ஓடுகையில் கதவைத் திறக்கும் முறுக்குக்காரரோடு எனக்குத் தினம் சண்டை.

சித்ரா (3ஏ): மேட்ச் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு பேய்ப்படம் போடலாமா?

தணிகாசலம் மாமா: நன்றாக இருட்டிய பிறகு போடு அம்மா. பச்சை மைதானம் கொஞ்சம் வெளிச்சத்தைத் தாங்கும். பேய் இருட்டிலேயே நடமாடும். வெளிச்சத்தில் அது வந்துபோனதே தெரியாது.

அருண்: அறை வெளிச்சத்தை விலக்கும் சாம்பல் திரை இருக்கிறதாமே?

தணிகாசலம் மாமா: இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஓரத்தில் உட்காருபவர்களுக்குப் படம் மங்கவும் செய்யும். முதலில் துணியைக் கட்டு.

சுந்தர்: கறுப்புத் துணி யாரிடம் இருக்கிறது?

சித்ரா: என்னிடம் இரண்டு பெரிய துண்டு இருக்கின்றன. மூன்றாவது ஜன்னலுக்குக் கார் மூடும் உறை போதுமா?

அருண்: போதும் அக்கா. ஏணியோடு 2 மணிக்கு வந்துவிடுகிறேன்.