புகைப்பானில் தீப்பொறி பறக்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
மார்த்தாண்டம் அருகே ரப்பர் தோட்டத்தில் பத்துப் பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். சென்ற வாரம், தேனீக்களை அமைதிப்படுத்தப் புகையூதும் கருவியான புகைப்பானின் துருத்தியை (காற்றூதும் பையை) அழுத்தியபோது புகையுடன் தீப்பொறியும் பறந்து, தேனடை கட்டும் மரச்சட்டத்தின் ஓரத்தில் நின்ற தேனீக்களின் இறகுகள் கருகிவிட்டன. கீழே ரப்பர்ச் சருகு கிடந்ததால் அச்சமாகவும் இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1:
எரிபொருளைத் தளர்வாக அடைத்திருப்பீர்கள். அடியில் நன்றாகக் கனன்ற பிறகு தேங்காய் நாரை இறுகத் திணித்து, அதன்மேல் ஒரு கைப்பிடி பச்சை இலையை வைத்தால், பொறி அதில் தங்கிவிடும்; வெளிவரும் புகையும் குளிர்ந்து வெண்மையாக இருக்கும். பெட்டியைத் திறக்குமுன் உங்கள் புறங்கையில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் தேனீக்கும் சுடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியும் நெகிழிச் சாக்கும் அறவே கூடாது.

பதில் 2:
பெட்டியின் வாயிலில் இரண்டு மூன்று முறை புகையை ஊதி அரை நிமிடம் பொறுத்தால் போதும். தேனீ கொட்டும்போது வெளிப்படும் எச்சரிக்கை மணத்தைப் புகை மறைக்கிறது. அளவு மிஞ்சினால் இந்தியத் தேனீக்கள் அடையைவிட்டு ஓடித் திரியும், தேனிலும் புகைநாற்றம் ஏறும்.

பதில் 3:
வேலை முடிந்ததும் புகைப்பானின் மூக்கைப் பச்சை இலையால் அடைத்து, தகர வாளிக்குள் வையுங்கள். அணைந்ததென்று எண்ணி நான் வண்டியின் பின்னால் வைத்த புகைப்பான், ஒரு மணி நேரம் கழித்தும் கனன்றுகொண்டிருந்தது.