ரோபோ தோலுக்கு ஸ்பைக் வேண்டுமா, வேகமான ஸ்கேன் போதுமா?

மின்தடம், துடிப்பலை, சட்டகம், விரல்நுனி என்ற புனைபெயர்களில் நால்வர் நடத்தும் விவாதம்.

மின்தடம்
ரோபோ விரல்நுனிக்கு ஒரு தொடு தோல். மேலே 16 செப்புப் பட்டை, கீழே குறுக்காக 16, நடுவில் வெலோஸ்டாட், அதாவது அழுத்தினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் படலம். மொத்தம் 256 புள்ளிகள். பிடித்த பொருள் நழுவத் தொடங்கும்போதே பிடியை இறுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு நரம்பைப் போலத் துடிப்பு (ஸ்பைக்) அனுப்பும் சுற்றுதான் சரி என்கிறார்கள். தேவையே இல்லை என்பது என் வாதம்.

ஒரு புள்ளிக்கு 4 மைக்ரோவிநாடி கொடுத்தால் முழு ஸ்கேன் சுமார் 1 மில்லிவிநாடியில் முடியும். 12 பிட் வீதம் கணக்கிட்டால் விநாடிக்கு 3 மெகாபிட். சில்லுகளை இணைக்கும் எஸ்பிஐ தரவுத் தடம் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். நழுவலை உணர்ந்து பிடியைத் திருத்த மனிதக் கைக்கே 70 மில்லிவிநாடி அளவுக்கு ஆகிறது. பிறகு ஸ்பைக் எதற்கு?

துடிப்பலை
அந்த 70-ல் நரம்பு, தண்டுவடம், தசை எல்லாம் அடக்கம். அதை உங்கள் சென்சார் ஸ்கேனோடு மட்டும் ஒப்பிடுவது பொருந்தாது. தொட்ட கணத்தில் எந்த நரம்பிழை முதலில் துடித்தது, எது அடுத்தது என்ற வரிசையிலேயே விசையின் திசையும் பரப்பின் வளைவும் பதிந்திருக்கின்றன. தொடு நரம்புகளை ஆராய்ந்த யோஹான்சன், பிர்ஸ்னியெக்ஸ் இருவரும் 2004-ல் காட்டியது இதைத்தான். உங்கள் ஸ்கேனில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையிலேயே 1 மில்லிவிநாடி ஓடிவிடுகிறது. அதற்குள் அந்த வரிசை தொலைந்துபோகும்.

தரவையும் பாருங்கள். பொருள் அசையாமல் இருந்தாலும் அதே எண்ணை விநாடிக்கு ஆயிரம் முறை அனுப்புகிறீர்கள். தொடுகையில் உள்ள 20 புள்ளிகள் விநாடிக்குத் தலா 50 துடிப்பு, ஒவ்வொன்றும் 32 பிட் என்றால் வெறும் 32 கிலோபிட். விரல்நுனியோடு நின்றால் இரண்டு அளவையும் தடம் தாங்கும். முழுக் கை என்றால் கதை வேறு. ஒரு மனிதக் கையின் உள்ளங்கைப் பக்கத்தில் சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் உள்ளன. அத்தனையையும் உங்கள் முறையில் படித்தால் 200 மெகாபிட் மணிக்கட்டு வழியாகப் போக வேண்டும்.

சட்டகம்
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த 3 மெகாபிட்டில் எவ்வளவு உண்மை? செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். மின்னோட்டம் மற்ற மூன்று வழியாகச் சுற்றி வருவதுதான் காரணம். 74ஹெச்சி4067 என்ற தேர்வுச் சுவிட்சுச் சில்லை வைத்து வரிசையைத் தேர்ந்தால் இது நிச்சயம் வரும், ஏனென்றால் தேர்வாகாத வரிசைகள் மிதக்கின்றன.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு ஓப்-ஆம்ப் (பெருக்கிச் சுற்று) வைத்து அதை 1.65 வோல்ட்டில் பிடித்து நிறுத்துங்கள். தேர்வாகாத எல்லா வரிசைகளும் அதே 1.65-ல் இருக்க வேண்டும், தேர்வான வரிசை மட்டும் 0-க்குப் போக வேண்டும். 74ஹெச்சி4053 ஒன்றில் மூன்று இருவழிச் சுவிட்சுகள். 16 வரிசைக்கு ஆறு சில்லு. பின்னூட்ட ரெசிஸ்டர் 1 கிலோ ஓம். இன்னொரு நன்மையும் உண்டு: மெல்லத் தொடும்போது வெலோஸ்டாட் 100 கிலோ ஓம் காட்டும், தடத்தின் 100 பிக்கோஃபாரடோடு சேர்ந்தால் 10 மைக்ரோவிநாடி. சாதாரண வோல்டேஜ் டிவைடரில் உங்கள் 4 மைக்ரோவிநாடிக்குள் அது நிலைக்கு வராது. நெடுவரிசையின் வோல்டேஜ் அசையாமல் நின்றால் அந்தத் தாமதம் பெரும்பாலும் போய்விடும்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரே வரிசையில் 16 புள்ளிகளும் பலமாக அழுந்தி ஒவ்வொன்றும் 1 கிலோ ஓமுக்கு இறங்கினால், இணையாக 62 ஓம்தான். சுவிட்சின் உள் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம் என்று வையுங்கள். அந்த வரிசையின் அளவுகள் எல்லாமே உண்மை அளவின் 40 சதவீதத்துக்கும் கீழே விழும். பலமாகப் பிடிக்கும்போதுதான் அழுத்தம் குறைவாகத் தெரியும். கட்டுப்பாட்டு நிரல் மேலும் இறுக்கும், பொருள் நசுங்கும். உள் ரெசிஸ்டன்ஸ் சில ஓம் மட்டுமே உள்ள சுவிட்சுக்கு மாறுங்கள்.

மின்தடம்
4053 விஷயத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதே அணியிலிருந்து ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் சுற்று) வழியாகப் படித்துவிட்டு, மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஸ்பைக்காக மாற்றுவதால் என்ன கிடைக்கும்? இழந்த நேரம் திரும்பி வராது. வேண்டுமானால் நியூரானின் துடிப்பைக் கணக்கிடும் இசிகெவிச் மாதிரியை ஓட்டலாம், 256 நியூரான் எந்த 32 பிட் சில்லுக்கும் எளிது. ஆனால் அவருடைய 2003 மாறிலிகளை அப்படியே போட்டால் உள்ளீடு ஏறத்தாழ 4-ஐ எட்டும்வரை தொடர் துடிப்பே வராது. நழுவலைப் பிடிக்க நமக்கு வேண்டியதே அந்த மெல்லிய தொடுகைதான்!

துடிப்பலை
அதற்கு 3.5 அளவு அடிப்படை உள்ளீடு கொடுத்து, அழுத்தத்தை அதன்மேல் கூட்ட வேண்டும். மின்னழுத்தச் சமன்பாட்டை 1 மில்லிவிநாடிப் படியில் ஒரே தாவலாகப் போடாமல் அரை அரையாக இரண்டு முறை கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் கட்டுமீறும்.

ஏடிசிக்குப் பின்னால் வரும் ஸ்பைக் வெறும் வேடம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். குறியாக்கம் தோலிலேயே நடக்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஏசெஸ் தோலைப் பாருங்கள். எல்லா சென்சாரும் ஒரே கடத்தியில். ஒவ்வொன்றும் தனக்கே உரிய துடிப்புக் கோலத்தை அனுப்பும். மறுமுனை கோலத்தைப் பொருத்திப் பார்த்து யாரென்று கண்டுபிடிக்கும். 240 சென்சார் வரை ஒரே சீரான 1 மில்லிவிநாடித் தாமதம், நேரத் துல்லியம் 60 நானோவிநாடிக்கும் குறைவு.

மின்தடம்
சிறந்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் சென்சாருக்கு ஒன்றாகக் குறியாக்கச் சுற்று வேண்டும். வளையும் தோலில் ஒவ்வொரு சாலிடர் இணைப்பும் விரிசல் விடக்கூடிய இடம். துடித்த புள்ளியின் முகவரியைப் பொதுத் தடத்தில் அனுப்பும் பழைய முறைக்குப் போனால் நெரிசல்: மேசையில் மோதியதும் 256 புள்ளியும் ஒரே நேரத்தில் துடிக்கும். யார் முதலில் என்று முடிவுசெய்யும் நடுவர் சுற்று ஒரு புள்ளிக்கு 1 மைக்ரோவிநாடி எடுத்தால் கடைசி ஆள் 256 மைக்ரோவிநாடி தாமதம். வரிசை முக்கியமான அந்தக் கணத்திலேயே வரிசை குலைகிறது.

விரல்நுனி
நழுவல் என்பது 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை வரும் அதிர்வு. அதை வெலோஸ்டாட்டில் தேடுவதே தவறு. அது மந்தம், சுமை மாறாதபோதும் அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். நம் தோலிலும் நிலையான அழுத்தத்துக்கு மெர்க்கல், அதிர்வுக்குப் பாசினியன் என்று தனித்தனி ஏற்பிகள்தானே?

வெலோஸ்டாட்டுக்கு மேல், அழுத்தம் மாறும்போது மின்னூட்டம் தரும் 28 மைக்ரான் பிவிடிஎஃப் படலம் நான்கு பட்டை ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த மின்னூட்டத்தை வோல்டேஜாக்கும் சார்ஜ் ஆம்ப்ளிஃபையர்: பின்னூட்டத்தில் 100 பிக்கோஃபாரட், 100 மெகா ஓம். 16 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளது அடங்கும். சூடான பொருளைத் தொட்டதும் படலம் தரும் பொய்ச் சைகையும் பெரும்பாலும் அதோடு போகும். 0.1 நியூட்டன் நேரழுத்தத்துக்குச் சுமார் 33 மில்லிவோல்ட் வரும். ஓப்-ஆம்பின் உள்ளீட்டு மின்னோட்டம் பிக்கோஆம்பியரில் இருக்க வேண்டும். 1 நானோஆம்பியர் ஆனாலே 100 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். சாலிடர் பிளக்ஸைச் சுத்தமாகக் கழுவுங்கள், உள்ளீட்டுத் தடத்தைச் சுற்றிக் காப்பு வளையம் போடுங்கள்.

அடுத்து, சைகை எல்லையைத் தாண்டியதா என்று பார்க்கும் கம்பேரேட்டர் ஒன்று; இரைச்சலில் முன்னும் பின்னும் தாவாமலிருக்க 10 மில்லிவோல்ட் இடைவெளி (ஹிஸ்டெரிசிஸ்). அதன் வெளியீட்டை நேராக மைக்ரோகன்ட்ரோலர் டைமரின், நேரத்தைப் பதியும் கேப்சர் பின்னுக்குக் கொடுங்கள். 1 மைக்ரோவிநாடித் துல்லியத்தில் உண்மையான ஸ்பைக். தனிச் சில்லு எதுவும் தேவையில்லை.

சட்டகம்
அப்படியே செய்தால் விரல் மோட்டார் சுழலும்போதெல்லாம் நழுவல் என்று கத்தும். பற்சக்கர அதிர்வும் அதே 50–400-ல்தான் விழுகிறது. விரலின் அடியில் ஒரு ஆக்சிலரோமீட்டர் வைத்து, அங்கே அதிர்வு கூடும்போது கம்பேரேட்டரின் எல்லையை உயர்த்துங்கள். மோட்டார் அதிர்வு இரண்டிலும் தெரியும். நழுவல் படலத்தில்தான் தூக்கலாகத் தெரியும்.

துடிப்பலை
இந்த அமைப்பை ஏற்கிறேன். ஆனால் வெலோஸ்டாட் பக்கமும் மாறியதை மட்டும் அனுப்பட்டும். அனுப்ப வேண்டிய மாற்றத்தின் எல்லை, இரைச்சலைப் போல மூன்று நான்கு மடங்கு. ஒருமுறை அனுப்பிய புள்ளிக்கு 2 மில்லிவிநாடி ஓய்வு. இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும் ஒரு புள்ளியே தடத்தை நிரப்பிவிடும்.

மின்தடம்
ஒரு செய்தி தவறினால் அந்தப் பிழை அப்படியே தங்கிவிடும். எனவே விநாடிக்கு 5 முறை எல்லாப் புள்ளிகளின் முழு அளவையும் அனுப்ப வேண்டும். 8 பிட் முகவரி, 12 பிட் அளவு என்றால் 26 கிலோபிட்தான். இதைச் சேர்த்தால் எனக்குச் சம்மதம். இருந்தாலும் ஒரு விரலுக்கு முழு ஸ்கேனே எளிது, பிழை தேடவும் வசதி. ஐந்து விரலும் உள்ளங்கையும் சேரும்போதுதான் நீங்கள் சொல்லும் முறை கணக்கில் வெல்கிறது.

துடிப்பலை
ஒரு விரலுக்கு அது சரி. பிவிடிஎஃப் கம்பேரேட்டரை மட்டும் முதல் பலகையிலேயே போட்டுவிடுங்கள். பின்னால் ஒட்ட வேண்டுமென்றால் தோலைப் பிரிக்க வேண்டியிருக்கும்.