தலைமை சர்வர் அடிக்கடி மாறுகிறது: காரணம் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராஃப்ட் முறையில் (சர்வர்கள் தங்களுக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்து, ஒரே பதிவுகளை எல்லாவற்றிலும் வைத்திருக்கும் முறை) இயங்கும் 5 சர்வர்களைப் பராமரிக்கிறேன். அவற்றில் 3 ஒப்புக்கொண்டால்தான் ஒரு பதிவு உறுதியாகும். சுமை ஏறும்போதெல்லாம் தலைமை சர்வர் மாறிவிடுகிறது; நெட்வொர்க் துண்டிக்கப்பட்டதற்கான தடயமே இல்லை. தேர்தலுக்கான காத்திருப்பு நேரம், அதாவது தலைமையிடமிருந்து செய்தி வராதபோது புதிய தேர்தலைத் தொடங்கும் முன் மற்ற சர்வர்கள் காத்திருக்கும் நேரம், 150 முதல் 300 மில்லிவினாடி. டிஸ்கில் எழுதும் தாமதம்தான் தலைமையின் இதயத்துடிப்புச் செய்திகளை (தான் இயங்குவதாக அது அடிக்கடி அனுப்பும் செய்திகள்) தடுக்கிறதோ என்று சந்தேகிக்கிறேன். காத்திருப்பைக் கூட்டினால் அமைதியாகிவிடும்தான். ஆனால் தலைமை உண்மையிலேயே விழுந்தால் அதைக் கண்டறியவும் அவ்வளவு நேரமாகும். அதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நொடியில் திரும்ப வந்து மோதின. மறுமுயற்சி இடைவெளியைச் சீரற்றதாக மாற்றியதில் அது ஓரளவு தணிந்தது.

டிஸ்க் தாமதமா, நினைவகத்தைச் சுத்தம் செய்யும்போது ஏற்படும் இடைநிறுத்தமா என்று பிரித்தறிய எந்த அளவீட்டை முதலில் பார்ப்பீர்கள்? இதைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.